குளித்துவிட்டு வந்த வெள்ளிக்காசு

அன்பும் மரியாதையும் நிறைந்த தஹானி சித்திக்கு, தன்தாவிலிருந்து உங்கள் அக்கா மகள் நிஹால் சலாம் சொல்லி எழுதுவது. போர்ட் சயீதில் நீங்களும் சித்தப்பாவும் நலமாக இருக்க இறைவன் அருளட்டும். இங்கே நலம் என்று எழுதத்தான் ஆசை. போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள். சித்தப்பாவிடம் காட்ட வேண்டாம், அவர் அப்பாவோடு போனில் பேசுகிறவர்.

ஸவ்ஸன் அக்காவைத் தன் மகன் ஹாஸிமுக்குக் கேட்கும் ஷவ்கி அஃபந்தி பழங்காசு சேர்ப்பவர் என்று அம்மா சொல்லியிருப்பாள். அவர் எதையும் நேராகப் பார்ப்பதில்லை என்பதைச் சொல்லியிருக்க மாட்டாள். முதல் தடவை வந்தபோது அப்பா தாத்தாவின் இருபது பியாஸ்தர் வெள்ளிக்காசைக் காட்டினார். அவர் துணியை விரித்து, காசை விளிம்பில் மட்டும் பிடித்து, விளக்கடியில் பூதக்கண்ணாடி வழியே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். காசிலுள்ள மன்னரின் காதுக்கு மேலுள்ள முடிதான் முதலில் தேயுமாம். இதில் ஒவ்வொரு இழையும் இருக்கிறதாம். வெள்ளி மேல் வருஷக்கணக்காகப் படிந்த கறுப்புதான் காசின் மானமாம். பிறகு அதே கண்ணாடியோடு அக்காவை விளக்குப் பக்கம் வரச் சொல்லி, அவள் காதுக்கு மேலே பார்த்தார். மருமகளைப் பார்க்கிறாரா, இன்னொரு காசைப் பார்க்கிறாரா என்று எனக்கு அப்போதே சந்தேகம். ஹாஸிம் எதையும் பார்க்கவில்லை, தேநீருக்கு எத்தனை சர்க்கரை என்று தன் அப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நிச்சயத்துக்கு அந்தக் காசையே பரிசாகத் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். இன்று மாலை அவர்கள் மறுபடி வந்தார்கள். அப்பா பெருமையாகத் துணியைப் பிரித்தார். உள்ளே காசு புது ஸ்பூன் மாதிரி மின்னியது.

ஷவ்கி அஃபந்தி தொடக்கூட இல்லாமல் அப்பாவைக் கேட்டார்: “என்ன முனீர், காசைக் குளிப்பாட்டிட்டீங்களா?”

“பளபளன்னு இருந்தா குத்தமா? அழுக்கா இருந்தாத்தான் மரியாதையா?” என்றாள் அம்மா.

“அம்மணி, இது முழுக்க ஒரே திசையில தேய்ச்ச கீறல். தேய்ச்சு எடுத்த காசுக்கு எந்தப் பெட்டியிலயும் இடம் கிடையாது. காசையே இப்படிப் பூசி மறைக்கிறவங்க, வேற எதையெல்லாம் மறைப்பீங்களோ.”

வியாழக்கிழமை ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்வதாக இருந்ததை, யோசித்துச் சொல்வதாகக் கூறிக் கிளம்பிவிட்டார். அப்பாவோ, போன தடவை கையில் வாங்கியபோதே அவர்தான் காசை மாற்றிவிட்டார் என்கிறார். “நாளைக்கே அவன் வீட்டு வாசல்ல நின்னு கேக்குறேன், திருட்டுப் பய” என்கிறார். எனக்கு அம்மா மேல்தான் சந்தேகம். விருந்தாளி வருகிறார் என்றால் அவள் தாம்பாளம், விளக்கு, கதவுக் கைப்பிடி வரை தேய்ப்பவள். இரண்டு நாளாக அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசவுமில்லை. நான் சொன்னால் அம்மா மாட்டுவாள். சொல்லாவிட்டால் அப்பா போய்ச் சண்டை போடுவார், அக்காவின் கல்யாணம் நின்றுவிடும். அதனால் நீங்கள் உடனே ரயிலேறி வந்து, அவர்கள் முதல் தடவை வந்துபோன பிறகு போன மாதம் நீங்கள் வந்தீர்களே, அப்போது நீங்கள்தான் துடைத்ததாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் மேல் அப்பாவுக்குக் கோபம் வந்தாலும், நீங்கள் ஊருக்குத் திரும்பிவிடலாம்.

உங்கள் கைகளை முத்தமிட்டு முடிக்கிறேன். குழந்தைகளுக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் என்றும் பரக்கத் நிறையட்டும்.

நிஹால்

பி.கு.: சித்தி, அக்கா விழித்திருந்து முழுவதையும் என் தோளுக்கு மேலே படித்துவிட்டாள். “அம்மா இல்லடி, நான்தான். பல்பொடி போட்டுத் தேய்ச்சேன். அந்த ஆளு என் காதுக்கு மேல பாத்தாரே, அன்னிக்கு ராத்திரியே” என்கிறாள். “அப்பா நாளைக்குப் போய் நல்லா சத்தமா கேக்கட்டும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துத் தூங்கியும்விட்டாள். நீங்கள் வந்து சமாதானம் பேசினால் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிடும். தயவுசெய்து வராதீர்கள்.