பதினாலாம் நாள் அல்வா

பாதாம் அல்வா தொண்டையைத் தாண்டிய பிறகுதான் பூபதிக்குக் கையில் ஒட்டியிருந்த சர்க்கரை சென்சாரின் ஞாபகம் வந்தது.

மல்லசமுத்திரத்தில் மச்சினன் மகள் கல்யாணம். சமையற்கட்டு மூலையில் ஒளிந்திருந்த சின்னத் தூக்குப்போசியில் இருந்த அல்வாவை வழித்து நக்கியாகிவிட்டது. மனிதர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி முதலாளி. ஆயிரம் அடிக்குப் பாறையைத் துளைப்பார். ஊசி முனையைக் கண்டால் மட்டும் வேர்த்துக் கொட்டும். பதினாலு நாள் சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் இன்சுலின் ஊசி வேண்டாம் என்று அஸ்தம்பட்டி டாக்டர் சொல்லியிருந்தார். இன்று பதினாலாம் நாள். போதாக்குறைக்கு, சென்சார் காட்டும் அளவு மனைவி சித்ராவின் போனுக்கும் போகும்.

ஒரே ஆறுதல், அது தோலுக்கடியில் ஊறும் நீரில்தான் சர்க்கரையை அளக்கிறது. ரத்தத்தில் ஏறியது அங்கே தெரியக் கால் மணி நேரமாவது ஆகும். அந்தக் கையை அழுத்திப் படுத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்பதும் அவருக்கு அனுபவப் பாடம். முந்திக்கொள்வோம் என்று மண்டபத் தூணில் கையை அழுத்திச் சாய்ந்து நின்றார்.

கொஞ்சம் அதிகமாகவே அழுத்திவிட்டார். சென்சார் அளவு ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. தாலி கட்டும் நேரத்தில் சித்ராவின் போன் அலறியது.

"ஏனுங்க, சர்க்கரை இறங்கிப் போச்சுங்க. இதைக் குடிங்க மொதல்ல" என்று ஒரு சொம்பு சர்க்கரைத் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

திருடித் தின்றதைச் சபையில் சொல்ல முடியுமா? குடித்தார். இனி நிஜமாகவே ஏறுமே என்று பயந்து இன்னும் அழுத்தினார். ஐம்பது. இன்னொரு சொம்பு வந்தது. சம்பந்தி வீட்டார் பதறிப்போய்ப் பானகம் கொண்டுவந்தார்கள். மரியாதைக்கு அதையும் குடித்தார். சித்ரா கண் கலங்கி நின்றதைப் பார்க்கத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை.

கடைசியில் மணப்பெண்ணின் தங்கை, நர்ஸ் சண்முகப்பிரியா, விரலில் குத்தி ரத்தத்தையே சோதித்தாள். முந்நூற்று எண்பது.

"டாக்டர்கிட்ட பேசிட்டேனுங்க மாமா. நாளைக்கே ஊசி ஆரம்பிக்கணுமாம்."

பூபதி தூணைப் பிடித்துக்கொண்டார். அப்போது சமையல்காரர் கந்தன் காலித் தூக்குப்போசியோடு வந்து நின்றார்.

"சித்ராக்கா, பதினாலு நாளா வாயக் கட்டுன அண்ணனுக்குன்னு சர்க்கரையே போடாம, இனிப்புப் பொடியில தனியாக் கிண்டச் சொன்னீங்களே அல்வா, அதை எவனோ தின்னுட்டுப் போயிட்டானுங்க."