கழுதை எலும்பும் எட்டு வித்தியாசங்களும்

நிரூபித்தே தீருவது என்று உட்கார்ந்தவனுக்குக் கண்ணில் படுவதெல்லாம் சாட்சிதான். இதை நான் பல்கலைக்கழகத்தில் படிக்கவில்லை. அங்கே அவமானப்பட்டுத் தெரிந்துகொண்டேன்.

விலங்கியல் இறுதியாண்டில் எலும்பை ஆராய்ந்தேன். எலும்பு கல்லைப் போலச் சும்மா கிடப்பதில்லை. பாரம் விழுகிற இடத்தில் தன்னைத் தடிப்பாக்கிக்கொள்ளும். அப்படியானால் சுமந்த மிருகத்தின் எலும்பும் மேய்ந்து திரிந்த மிருகத்தின் எலும்பும் நுணுக்குக்காட்டியில் வேறுவேறாகத் தெரிய வேண்டும். மாட்டுக்காலை பக்கத்து ஊரான கனமூலையில் இறைச்சிக்கடையில் வாங்கினேன். குறிஞ்சிப்பிட்டியில் வெங்காய மூட்டை சுமந்த கழுதையொன்று செத்துப்போக, அதன் காலெலும்பையும் கேட்டு வாங்கினேன். இரண்டையும் அறுக்கும் வாளால் துண்டுபோட்டு, பெயர் எழுதிய இரண்டு ஐஸ்கிரீம் பெட்டிகளில் போட்டு, வீட்டு மதிலில் காயவைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது கழுதை எலும்பு நன்றாக வெளுத்திருந்தது. (புத்தளத்து வெயிலை மெச்சிக்கொண்டேன்.)

பிறகு துண்டுகளைக் கடதாசி போல மெல்லிசாகத் தேய்த்து, கண்ணாடித் தகடுகளில் ஒட்டி, எட்டு வித்தியாசங்கள் கண்டுபிடித்தேன். வெங்காயத்தின் பாரம் எலும்பின் உட்சுவரில் தெளிவாகத் தெரிகிறது என்று நான்கு பக்கம் எழுதினேன்.

வாய்மொழிப் பரீட்சையில் யாழ்ப்பாணத்துப் பேராசிரியை ஒருவர் என் கண்ணாடித் தகடுகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"தம்பி, இந்தக் கழுதையை நீர் உயிரோட பாத்தனீரோ?"

"ஓம் மெடம்."

"அப்ப ஏன் இது மாடு மாதிரிக் கிடக்குது?"

எனக்கு விளங்கவில்லை. அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"செங்கல் அடுக்கின மாதிரிப் படை படையா இருக்குது பாரும். வளந்த கழுதையில சின்னச் சின்ன வட்டங்கள் நெருக்கிக்கொண்டு இருக்கவேணும். நீர் கொண்டுவந்த ரெண்டும் மாடு."

ஐந்து நிமிட அவகாசம் கேட்டு வெளியே வந்து, வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன்.

"உம்மா, மதில்ல கழுதை எலும்பு வெச்சிருந்தேனே, அத யாரும் தொட்டாங்களா?"

"அத அண்டைக்கே பொதச்சிட்டேன் மகன். ஊட்டுல கழுதை எலும்ப வெச்சிக்கிட்டு எப்படி நிம்மதியாத் தொழுவுற?"

"அப்ப பெட்டிக்குள்ள இருந்தது?"

"ஒன்ட படிப்பு கெட்டுப்போகுமேன்னு கடையில மாட்டெலும்பு வாங்கி, அதே அளவுக்கு வெட்டுவிச்சி, நல்லா அவிச்சி வெச்சேன். எலும்புதானே மகன், எல்லாம் ஒண்டுதானே?"

உள்ளே போய் நடந்ததை அப்படியே சொன்னேன். பேராசிரியை சிரிக்காமலிருக்கக் கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்தார். "மாட்டுக்கும் மாட்டுக்கும் எட்டு வித்தியாசமோ, தம்பி?" என்று மட்டும் கேட்டு, மறுபடி செய்துகொண்டு வரச் சொன்னார்.

உம்மா முருங்கை மரத்தடியைக் காட்ட, நான் மண்வெட்டியால் தோண்டினேன். கழுதை கிடைத்தது. பட்டம் ஆறு மாதம் பிந்தியது. இரண்டாம் அறிக்கையில் நான் எழுதிய வித்தியாசங்கள் மூன்றுதான். அவை மூன்றும் உண்மையானவை.

இன்று நான் விஞ்ஞான ஆசிரியன். போன நோன்புப் பெருநாளுக்கு முன்னர் புத்தளம் புடவைக்கடையில் என் மூத்த சகோதரி ராத்தா ஒரே நிறத்தில் இரண்டு சேலைகளை வைத்துக்கொண்டு திண்டாடினார். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்றார்.

"கொஞ்சம் பொறுங்க, எங்கட தம்பி வெளிய நிக்கிறான்," என்றார் ராத்தா. "அவன் பாத்தா எட்டு வித்தியாசமாவது சொல்லுவான்."