கண் டாக்டர் மச்சானுக்கு வால்மீன்காரன் எழுதுவது

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே உங்கள் தங்கை சுகம், மொட்டைமாடியில் தொலைநோக்கி சுகம், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நான் ஏதோ இருக்கிறேன்.

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் நான் உலகத்துக்கே அறிவித்த புது வால்மீன், வால்மீனே அல்ல. பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சம் தொலைநோக்கிக் குழாய்க்குள் பட்டுத் தெறித்த வெறும் மங்கல். வெளிநாட்டு வானியல்காரர்கள் நாசூக்காகச் சிரித்தார்கள். நீங்களோ போனில், "மாப்பிள்ளை, கண்ணு போச்சு! உடனே கிளினிக்குக்கு வாங்க. அந்தக் குழாய யாருக்காவது தூக்கிக் குடுத்துடுங்க" என்றீர்கள்.

வரமாட்டேன். கொடுக்கவும் மாட்டேன். மூன்று வால்மீன்கள் என் பெயரைச் சுமந்துகொண்டு சூரியனைச் சுற்றுகின்றன. உங்கள் பெயரைச் சுமப்பது கிளினிக் பலகை ஒன்றுதான், அதிலும் ஓர் எழுத்து உதிர்ந்துவிட்டது. வானத்தின் ஒரே மூலையை இடைவெளி விட்டு இரண்டு முறை படம் எடுத்து, மாற்றி மாற்றிப் பார்த்து, ஆயிரம் புள்ளிகளுக்கு நடுவே இடம் மாறிய ஒரே புள்ளியைப் பிடித்து, "நீ சிறுகோள்டா!" என்று சொன்ன கண் இது. இதையா உங்கள் எழுத்து அட்டையைக் காட்டி மிரட்டுகிறீர்கள்?

உங்கள் கோபத்தின் வேர் எனக்குத் தெரியாதா? வால்மீனுக்குக் கண்டுபிடித்தவன் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும். சிறுகோளுக்கு அவன் விரும்பிய பெயரைச் சொல்லலாம். உங்களுக்கு ஒரு கல்கூட நான் ஒதுக்கவில்லை. உங்கள் தங்கைக்கு ஒதுக்கி நான் பட்ட பாடு போதாதா? "பாக்க எப்படி இருக்கும்?" என்று ஆசையாகக் கேட்டாள். விஞ்ஞானி பொய் சொல்லக் கூடாதே என்று, "கோணல்மாணலான உருளைக்கிழங்கு மாதிரி" என்றேன். அன்றிலிருந்து அவள் உங்கள் கட்சி. நேற்று அவள் மேலேயே மோதிவிட்டேன். "எதிர்ல வர்ற பொண்டாட்டி தெரியல, கோடி மைலுக்கு அப்பால வர்ற கல்லு தெரியுதாக்கும்!" என்கிறாள். தெரிகிறதே! அவள் திடீரென்று திரும்புகிறாள். கல்லோ நான் கணக்குப் போட்ட பாதையிலேயே வருகிறது.

ஆகவே மாடியை விட்டு இறங்குவதாக இல்லை. மூச்சு இருக்கும்வரை தேடுவேன். என்னைத் தவிர ஊரில் எல்லாருக்கும் கண் மங்கி உங்கள் தொழில் ஓகோவென்று நடக்கட்டும்.

தலைவணங்க மறுக்கும்,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: நாளைக்கு முதல் டோக்கன் எனக்குப் போட்டு வையுங்கள். புது வால்மீன் ஒன்று கிடைத்திருக்கிறது. நல்ல நீளமான வால். கண்ணைத் திருப்பினால் கூடவே திரும்புகிறது. இப்போது நடுப்பகல், குளியலறைச் சுவரில் தெரிகிறது.