தில்லியைத் தொட்டுத் திரும்பிய தலைவர்

மனித குலம் தூரத்தை வென்ற நாள் எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் சொல்லுங்கள்: 1978-ல் ஆரணி பட்டு நெசவாளர் முன்னேற்றச் சங்கத் தலைவர் தணிகாசலம் தில்லிக்குப் பறந்த நாள்.

சென்னைக்கும் தில்லிக்கும் ஆயிரம் மைலுக்கு மேல். விமானத்தில் இரண்டரை மணி நேரம். அதற்குள் இங்கே போளூர் பஸ் கிளம்பியிருக்காது.

பயணத்தின் நோக்கமும் மகத்தானது. ஊரில் பட்டு நூல் இல்லை, தறிகள் நின்றுவிட்டன. தில்லியில் பெரிய அதிகாரியைப் பார்த்து நூல் கேட்க வேண்டும். வரவேற்புக் குழுச் செயலாளர் என்ற முறையில் நான் சும்மா இருப்பேனா? சங்கத்தில் மிச்சமிருந்த கடைசி நூலைக் கெங்கம்மாள் தறிக்குக் கொடுத்து, தலைவருக்குப் பொன்னாடை நெய்து வாங்கினேன். நோட்டீஸும் அடித்தாயிற்று: ‘வெற்றியுடன் திரும்பும் தலைவருக்கு வியாழன் காலை பத்து மணிக்குக் கோட்டை மைதானத்தில் மாபெரும் வரவேற்பு.’

“நூலு வர்லன்னா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குத்தான் போவணுங்க. ஊட்ல அடுப்பு எரியல,” என்றாள் கெங்கம்மாள், பொன்னாடையைக் கொடுத்தபோது.

“தலைவரு ஏரோப்ளேன்ல பறக்கப் போறாரு. நீ அடுப்பப் பத்திப் பேசிகினு இருக்க,” என்று கண்டித்தேன்.

புதன் காலை பறந்தார். வியாழன் காலை மைதானத்தில் நின்றார். மேளம், மாலை, பொன்னாடை. தலைவர் உரையாற்றினார்.

“மேகம் நம்ம காலுக்குக் கீழ இருக்குது. காப்பி குடுத்தாங்க. ஆத்திக் குடிக்கறதுக்குள்ள தில்லி வந்துடுச்சு.”

கைதட்டல் ஓய்ந்ததும் கெங்கம்மாள் எழுந்தாள். “நூலு இன்னா ஆச்சுங்க தலைவரே?”

“நேரா ஆபீசுக்குத்தான் போனேன்மா. அதிகாரி வெளியூராம். வியாழக்கிழம பத்து மணிக்கு வாங்க, பாக்கலாம்னாங்க.”

“வியாழக்கிழம இன்னிக்குதானேங்க?”

“அதான் பேஜாராப் போச்சு. இங்கயும் பத்து மணின்னு நோட்டீஸ் அடிச்சிட்டாங்களே. ஜனங்கள காக்க வெக்கலாமா? ஜல்தியா ப்ளேன் ஏறிட்டேன்.”

இந்தக் கடமை உணர்ச்சி கண்டு எனக்குக் கண் கலங்கியது. கெங்கம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுவாரம் செயற்குழு கூடியது. தலைவரை மீண்டும் தில்லிக்கு அனுப்புவது என்றும், அங்கே இறங்குவதால்தான் நேரம் வீணாகிறது என்பதால் இம்முறை இறங்காமலே திரும்பக் கேட்டுக்கொள்வது என்றும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

“பொன்னாடை?” என்றார் பொருளாளர் பன்னீர்செல்வம்.

போன தடவை நெய்ததில் நூல் ஏதும் மிஞ்சியிருக்குமா என்று கேட்கக் கெங்கம்மாள் வீட்டுக்கு ஓடினேன். கதவில் பூட்டு. 

“குடும்பத்தோட பெங்களூருக்குப் போய்ட்டாங்க,” என்றாள் பக்கத்து வீட்டுச் சகாயம்மாள். “பஸ்ல உக்கார எடமில்ல. நின்னுகினே போனாங்க.”

விமான யுகத்தில் பஸ்ஸில், அதுவும் நின்றுகொண்டு. இவர்களை வைத்துக்கொண்டு ஊர் எப்படி முன்னேறும்?

கனத்த மனத்துடன் தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன்: ‘பொன்னாடை நெய்ய நூல் கிடைக்காத காரணத்தால், நூல் கேட்டுத் தலைவர் மேற்கொள்ளவிருந்த தில்லிப் பயணம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது.’