கோமதிநாயகம் கீரியும் கையடக்கப் போனும்

ஒரு காட்டில் செல்போன் டவர் ஒன்று நின்றது. அதே காட்டில் ஒரு சிங்கமும் இருந்தது. ஆனால் டவர் வந்த பிறகு சிங்கத்தை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அது கர்ஜித்தால், "விஷயம் என்னன்னு ஒரு மெசேஜ் போட்டா ஆகாதா?" என்று மான்கள் முணுமுணுத்தன. ஆகையால் இந்தக் கதையில் சிங்கத்துக்கு இதற்கு மேல் வேலை இல்லை.

அந்தக் காட்டில் கோமதிநாயகம் என்றொரு கீரி இருந்தது. அதன் மனைவி செண்பகவல்லி. ஓடைக்கரை மேட்டில் ஒரு வளை, வளைக்குள் மூன்று குட்டிகள். நல்ல குடும்பம்.

கோமதிநாயகத்திடம் முதலில் இருந்தது காட்டில் எல்லோரும் வைத்திருந்த மாதிரி ஒரு பெரிய போன். அதைக் காதில் வைத்துக்கொண்டு நின்றால் பின்னால் ஒரு கீரி இருப்பதே தெரியாது. போன் மட்டும் தானாகப் பேசிக்கொண்டு போவதுபோல இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமென்றால் மூன்று காலில்தான் ஓட வேண்டும். மூன்று காலில் துரத்தி வரும் கீரிக்குப் பயந்து எந்தப் பாம்பு ஓடும்? ஒரு சாரைப்பாம்பு நின்று திரும்பிப் பார்த்து, "பாத்து வாங்க அண்ணாச்சி, கல்லு கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனது.

வளைக்குள்ளும் அந்தப் போன் நுழையாது. வாசலில் சாத்தி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே சாப்பிட உட்காரும்போது வெளியே மணி அடிக்கும். ஓடி வருவதற்குள் நின்றுவிடும். ஒருநாள் பெய்த கோடைமழையில் வாசலில் நனைந்து அந்தப் போன் உயிரை விட்டது.

கோமதிநாயகம் உடும்பின் போன் கடைக்குப் போய், "என் கைக்கு அடக்கமா ஒண்ணு காட்டுங்க" என்றது.

உடும்பு அதை மேலும் கீழும் பார்த்தது. "கைக்கு அடக்கமாவா? அப்படி யாரும் கேக்கதில்லையே. எல்லாரும் கைக்கு அடங்காமத்தான கேக்காங்க" என்றபடி கடைசி அடுக்கிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துத் தூசி ஊதிக் கொடுத்தது.

அந்தப் போன் கீரியின் உள்ளங்கையில் கச்சிதமாக உட்கார்ந்தது. கட்டைவிரலை நீட்டினால் திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை எட்டியது. கக்கத்தில் செருகிக்கொண்டால் இருப்பதே தெரியவில்லை. வளை வாசலில் தடுக்காமல் கூடவே வந்தது. முக்கியமாக, கோமதிநாயகம் மறுபடியும் நான்கு காலில் ஓடத் தொடங்கியது. அந்தச் சாரைப்பாம்புக்கு இந்த மாற்றத்தை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அன்று மதியம் வீட்டில் சாரைக்கறி.

"இப்பத்தான் நீங்க பழைய மாதிரி இருக்கீங்க" என்றது செண்பகவல்லி.

குறையே இல்லையா என்றால், இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் பேட்டரி கண்ணைச் சொருகும். படம் கொஞ்ச நேரம் பார்த்தால் போன் சூடாகிவிடும். எழுத்துகள் கடுகு மாதிரி இருந்ததால் அடிக்கும்போது தப்பிப் போகும். ஒருநாள் "மதியத்துக்கு எலி கொண்டு வாறேன்" என்று அடித்தது, "மதியத்துக்குப் புலி கொண்டு வாறேன்" என்று போய்ச் சேர்ந்தது. செண்பகவல்லி பதறவில்லை. "சின்னதாப் பாத்துக் கொண்டு வாங்க" என்று பதில் போட்டது.

இப்படி ஒரு பிராணி தனக்குப் பொருத்தமான பொருளை வாங்கிச் சந்தோஷமாக இருந்தால் காடு சும்மா இருக்குமா?

முதலில் பேச்சியக்கா வந்தது. பேச்சியக்கா ஒரு காட்டுப்பன்றி. ஓடையில் தண்ணீர் குடிக்க வந்த இடத்தில் கோமதிநாயகத்தின் கையைப் பார்த்து, "என்ன தம்பி, பிள்ளையோட விளையாட்டுச் சாமானையா தூக்கிட்டு வந்துட்ட?" என்று கேட்டது.

"இல்லக்கா, இதுதான் என் போன்."

"இதா?" பேச்சியக்கா மூக்கை அருகில் கொண்டுவந்தது. மூச்சுக் காற்றில் திரை மறைந்தது. "உடம்பு எதுவும் சரியில்லையா தம்பி?"

"நல்லா இருக்கேன்க்கா. கைக்கு அடக்கமா இருக்கு, அதான்."

"சரி சரி. மனசத் தளர விடாத" என்று சொல்லிவிட்டு, சேற்றில் புரண்டு புரண்டு தன் பெரிய போனில் யாரிடமோ இந்தச் சேதியைச் சொல்லத் தொடங்கியது.

செய்தி ஆவுடையப்பனை எட்டியது. ஆவுடையப்பன் ஒரு குரங்கு. போன்களுக்கு ஸ்டார் கொடுப்பது அதன் தொழில். அது தன் வாழ்நாளில் ஒரு போனைக்கூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. ஆனால் அது ஸ்டார் கொடுக்காமல் காட்டில் யாரும் எதையும் வாங்குவதில்லை. ஒரு கரடி தன் சொந்தக் குகைக்கே ஆவுடையப்பன் இரண்டு ஸ்டார்தான் கொடுத்தது என்று வெளியில் படுத்துக்கொண்டிருந்தது.

"சார், உங்க போனை ஒரு அரை நாள் குடுங்க. மக்கள் கேக்காங்க" என்று ஆவுடையப்பன் வந்து நின்றது.

கோமதிநாயகத்துக்கும் உள்ளூர ஆசைதான். நாலு பேருக்கு நல்லது தெரியட்டுமே என்று கொடுத்தது.

மறுநாள் படம் வெளிவந்தது. "வணக்கம் மக்களே!" என்று ஆவுடையப்பன் உச்சிக்கிளையில் உட்கார்ந்திருந்தது. "இதை நம்ம யானை சார்கிட்ட குடுத்துப் பாத்தோம். ஒரு பட்டனைக்கூட அவரால அமுக்க முடியலை. யோசிச்சுப் பாருங்க மக்களே, ஒரு யானையால பயன்படுத்த முடியாத போனை எதுக்கு வாங்கணும்? அடுத்தது, மரத்து மேல இருந்து கீழே போட்டுப் பாத்தோம். உடையலை. ஆனா விழுந்த சத்தமே கேக்கலை. இதெல்லாம் ஒரு கட்டுமானமா? காலையில இருந்து விடாம வீடியோ எடுத்தோம், மத்தியானமே பேட்டரி காலி. ஒன்றரை ஸ்டார்."

கோமதிநாயகம் அந்தப் படத்தைத் தன் போனிலேயே பார்த்தது. பார்க்கும்வரை அது ஒரு நல்ல போனாக இருந்தது. பார்த்து முடித்ததும் ஒன்றரை ஸ்டார் போனாகிவிட்டது. நேற்றுவரை கச்சிதமாக இருந்த திரை இன்று இத்துனூண்டாகத் தெரிந்தது. பக்கத்துக் காட்டிலிருந்து மச்சினன் கூப்பிட்டு, "அத்தான், நான் வேணா வந்து ரெண்டு நாள் கூட இருக்கட்டுமா?" என்று துக்கம் விசாரித்தது.

அந்த வாரம் பெருமழை பிடித்தது. மேட்டுப் பாறைகளுக்கு நடுவே விளையாடிக்கொண்டிருந்த பேச்சியக்காவின் கடைக்குட்டி, சறுக்கி ஒரு பாறை இடுக்கில் விழுந்துவிட்டது. ஆழமான, குறுகலான இடுக்கு. உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. குட்டியின் அழுகை மட்டும் கேட்டது. பேச்சியக்கா தலையை விட்டுப் பார்த்தது, காதுக்கு மேல் போகவில்லை. காடே கூடி நின்று தத்தம் பெரிய போன்களின் வெளிச்சத்தை இடுக்குக்குள் அடித்தது. வெளிச்சம் முதல் வளைவில் முட்டி நின்றது.

"யாராவது இறங்குங்களேன்! எம்பிள்ள!" என்று பேச்சியக்கா கதறியது.

கோமதிநாயகம் தன் போனை வாயில் கவ்விக்கொண்டு இறங்கியது. கல் இரண்டு பக்கமும் விலாவை அழுத்தியது. பல்லுக்கிடையில் இருந்த சின்ன வெளிச்சம் முன்னால் வழி காட்டியது. அடியில் குட்டி கழுத்தளவு தண்ணீரில் நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னங்கால் ஒரு வேருக்குள் சிக்கியிருந்தது. கோமதிநாயகம் மேலே நின்ற செண்பகவல்லிக்குப் போன் போட்டது.

"வல்லி, இங்கன இருந்து மேல தூக்க முடியாது. கிழக்குப் பக்கம் ஈரம் கசியுதுல்லா, அங்கன தோண்டச் சொல்லு. மண்ணு இளக்கமா இருக்கு."

"நீங்க மேல வந்துருங்க. தண்ணி ஏறுது."

"பிள்ளைய விட்டுட்டு எப்படி வர? தோண்டச் சொல்லு!"

பேச்சியக்கா தோண்டியது. தாய்ப்பன்றி தோண்டினால் கேட்க வேண்டுமா? மண் சரிந்து வழி திறந்தது. கோமதிநாயகம் வேரைக் கடித்து அறுத்து, போனை மறுபடி வாயில் கவ்விக்கொண்டு, குட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு சேறும் சகதியுமாக வெளியே வந்து விழுந்தது. போன் இன்னும் அதன் வாயில்தான் இருந்தது, எரிந்துகொண்டு.

பழைய கதையாக இருந்தால் இந்த இடத்தில் எல்லோரும் வெட்கித் தலைகுனிந்து, சிறியது என்று எதையும் இகழாதே என்று பாடம் கற்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். நானும் சீக்கிரம் முடித்திருப்பேன். நடந்தது வேறு.

ஆவுடையப்பன் முழுவதையும் மரத்தின் மேலிருந்து தன் பெரிய போனில் படம் பிடித்திருந்தது. அன்று மாலையே காடு முழுக்கப் பார்த்தது. பேச்சியக்காவின் கண்ணீர் துளித்துளியாகத் தெரிந்தது. குட்டியின் மூக்கில் ஒட்டிய சேறுகூடத் தெரிந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில், "அடேயப்பா! என்ன கேமரா!" என்றார்கள்.

பேச்சியக்கா குட்டியை அணைத்தபடி ஆவுடையப்பனின் போனைத் தொட்டுக் கும்பிட்டது. "இந்தப் போனு மட்டும் இல்லைன்னா எம்பிள்ள பொழச்சு வந்ததை நான் இவ்வளவு நல்லாப் பாத்திருக்க முடியுமா?"

கோமதிநாயகம் ஓரமாக நின்று உடம்பிலிருந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தது. பேச்சியக்கா அதையும் மறக்கவில்லை. "தம்பி, உனக்கும் நல்ல மனசு. நீயும் சீக்கிரம் ஒரு நல்ல போனா வாங்கணும்" என்று வாழ்த்தியது. ஆவுடையப்பன் பெருந்தன்மையாகக் கூடுதலாக அரை ஸ்டார் கொடுத்தது. தண்ணீரில் நனைந்தும் வேலை செய்ததற்காக.

கோமதிநாயகம் வளைக்குத் திரும்பி, "நாளைக்கு மாத்திடப் போறேன்" என்றது.

"எதை?"

"போனை."

செண்பகவல்லி நம்ப முடியாமல் பார்த்தது. "இன்னைக்கு அதை வச்சுத்தான ஒரு உயிரைக் காப்பாத்துனீங்க?"

"காப்பாத்துனேன். யாருக்குத் தெரிஞ்சுது? இந்தப் போன்ல நான் செத்தாக்கூடத் தெளிவா விழாது, வல்லி."

மறுநாள் உடும்பு அந்தச் சின்னப் போனைத் திரும்ப எடுத்துக்கொண்டு கடையிலேயே பெரியதை, வாழைமட்டை அளவில் ஒன்றைக் கொடுத்தது. "இப்பத்தான் உங்க முகத்துல ஒரு களை வந்திருக்கு" என்றும் சொன்னது. கோமதிநாயகம் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது. வாசலில் நுழையவில்லை. மழையில் நனைய விட முடியுமா? மண்ணைப் பறித்து வாசலை அகலமாக்கியது. முன்னறை முட்டியது, அதையும் பெரிதாக்கியது. சார்ஜ் போட்டு நிமிர்த்தி வைக்கக் கூரையைக் குடைந்து உயர்த்தியது.

"இந்த வாசல்ல நரியே வரும்போல இருக்கே" என்றது செண்பகவல்லி.

"வந்தா வரட்டும். ஆனா போன் வருதா இல்லையா?"

நரி வந்தது. மத்தியான நேரம், குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன. "வாசல் திறந்தே கிடந்துச்சு. நல்லாக் காத்தோட்டமா வச்சிருக்கீங்க" என்று சொல்லிக்கொண்டே நரி உள்ளே உட்கார்ந்து குட்டிகளை எண்ணுவதுபோலப் பார்த்தது.

செண்பகவல்லி உடம்பு முழுக்க ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு நரியின் மூக்கில் பாய்ந்தது. "பிள்ளையளத் தூக்குங்க! பின்வழியாப் போங்க!"

கோமதிநாயகத்தின் இரண்டு கையிலும் போன் இருந்தது. "இரு, பதிவு பண்ணிக்கிடுதேன். நாளைக்குப் பேச்சு வந்தா ஆதாரம் வேணும்லா?"

குட்டிகள் தாங்களாகவே எழுந்து பின்வழியில் புகுந்து ஓடின. பின்வழி பழைய வழி, கீரி அளவுக்கு வெட்டியது. செண்பகவல்லி நரியை உதறிவிட்டு அந்தப் பின்வழியின் வாய்க்கு வந்தால், அங்கே கோமதிநாயகம் போனை நெடுக்காக வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது.

"அதைப் போட்டுட்டு வாங்க!"

"லாக் போடலை, வல்லி!"

நரிக்கே ஆர்வம் வந்துவிட்டது. "சரிச்சு வச்சுப் பாருங்களேன்" என்று யோசனை சொன்னது. சரித்தும் போகவில்லை. செண்பகவல்லி கணவனின் வாலைக் கவ்வி, நரியைத் தாண்டிப் பெரிய வாசல் வழியாக ஒரே இழுப்பாக வெளியே இழுத்துப் போட்டது. போன் உள்ளே தங்கிவிட்டது. செண்பகவல்லியின் இடது காதில் பாதியும் நரியிடம் தங்கிவிட்டது.

குடும்பம் தூரத்தில் ஒரு கள்ளிப்புதருக்கு அடியில் ஒண்டியது. மழை வந்தால் ஒழுகும். குட்டிகள் இருமின. சில நாள் கழித்துப் பேச்சியக்கா விசாரிக்க வந்தது. வந்ததும் தன் போனை நீட்டியது. "தம்பி, இதைப் பாத்தியா? காடே பாக்குது. ஆவுடையப்பன் அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கான்."

திரையில் நரி கைகூப்பி நின்றது. "வணக்கம் மக்களே! இன்னைக்கு நம்ம வீட்டைச் சுத்திப் பாக்கப் போறோம். இது வாசல். எவ்வளவு விசாலம் பாருங்க. இது முன்னறை..."

"அப்பா, நம்ம வீடு!" என்று மூத்த குட்டி கத்தியது.

கோமதிநாயகம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண்ணோரம் நீர் கட்டியது. செண்பகவல்லிக்கு மனசு இளகிவிட்டது. கோபத்தை ஒதுக்கிவைத்து அருகில் வந்து உட்கார்ந்தது.

"அழாதீங்க. கையும் காலும் இருக்கு. மழை விட்டதும் வேற வளை தோண்டிக்கிடலாம்."

"அதுக்கில்லை, வல்லி" என்றது கோமதிநாயகம். "கூரை ஓரத்துல எறும்பு போகுதுல்லா, அதோட கால்கூடத் தனித்தனியாத் தெரியுது, பாரேன்."

செண்பகவல்லி எழுந்து உடம்பை உதறிக்கொண்டது. பிறகு மூன்று குட்டிகளையும் கூட்டிக்கொண்டு, வளை தோண்ட இடம் பார்க்கத் தனியாகக் கிளம்பியது. கோமதிநாயகம் அதைக் கவனிக்கவில்லை. நரி அப்போதுதான் சமையலறையைக் காட்டத் தொடங்கியிருந்தது.

நீதி: வீடு யாருக்கும் பறிபோகலாம்; கூடவே நல்ல கேமராவும் பறிபோயிருந்தால்தான், பறிபோன வீட்டைப் பிற்பாடு தெளிவாகப் பார்க்க முடியும்.