திருநெல்வேலி டின்னில் ஒரு பூஜ்யம்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தேகால் மணிக்கு, என் மகளின் கல்யாணத்தை நானே உரக்கப் படித்துக் கெடுத்தேன். எனக்குக் குரல் வேறு கணீரென்று இருக்கும். கடைசி பெஞ்சுவரை கேட்டது.

ரங்கூனில் எங்கள் தமிழர் சங்கத்துக்கு அக்கிராசனர் தேர்தல். நின்றவர்கள் இருவர். ஒருவர் தஞ்சாவூர் ஜில்லாக்காரரான மாணிக்கம் பிள்ளை. அவர் மகன் நடராஜனுக்குத்தான் என் கோமதியைப் பேசியிருந்தோம், வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். மற்றவர் எங்கள் திருநெல்வேலிக்காரர். "என் ஓட்டு உங்களுக்குத்தான் சம்பந்தி" என்று மாணிக்கம் பிள்ளையின் வெற்றிலையை மென்றுகொண்டே சத்தியம் செய்திருந்தேன்.

நான் துறைமுக ஆபீஸ் குமாஸ்தா. ஒழுங்கு என்றால் உயிர். சங்கத்துப் பதிவேடு ஜில்லாவாரியாக இருந்ததால், சீட்டுப் போடவும் ஜில்லாவுக்கு ஒரு பிஸ்கட் டின் வைத்தால் சரிபார்க்கச் சுலபம் என்று யோசனை சொன்னவன் நானே. (பாராட்டினார்கள் வேறு!)

என் முறை வந்தபோது மாணிக்கம் பிள்ளையின் பெயரைத்தான் எழுத நினைத்தேன். பக்கத்தில் ஊர்க்காரர்கள் பத்துப் பேர். யாரும் என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஆனாலும் கை எங்கள் ஊராளின் பெயரை எழுதிவிட்டது. ஒரு சீட்டு, யாருக்குத் தெரியப்போகிறது?

முடிவைப் படிக்க மேடையேறினேன். காலையில் அதே மேடையில், "கப்பலேறிவிட்டால் நாமெல்லாம் ஒரே ஊர்" என்று பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தேன். மதுரை டின் மொத்தமும் ஒரு பக்கம், ராமநாதபுரம் மொத்தமும் மறு பக்கம். தஞ்சாவூர் முழுவதும் மாணிக்கம் பிள்ளைக்கு, ஒரே ஒரு சீட்டைத் தவிர.

"எவன்டா அது?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"திருநெல்வேலி, மொத்தம் பதினொன்று. மாணிக்கம் பிள்ளை அவர்களுக்கு..." அங்கேதான் எனக்கு உறைத்தது. "பூஜ்யம்."

முன்வரிசையிலிருந்து அவர் எழுந்தார். "சம்பந்தி, அதை இன்னொரு தரம் படிங்க."

படித்தேன்.

"உங்க சீட்டும் அந்த டின்லதானே?"

"டின்னு மாறியிருக்கும்..." (டின்களில் ஜில்லாப் பெயரை எழுதி ஒட்டியவனும் நானே.)

"எழுத்து முத்து முத்தா இருக்கு, குமாஸ்தா."

சம்பந்தி என்ற சொல் அதோடு போயிற்று. ஜெயித்தவர் அவர்தான், என் ஓட்டு அவருக்குத் தேவைப்படவே இல்லை. மாலையைக்கூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

மூன்று வருஷமாகிறது. நான் எதையாவது செய்கிறேன் என்று சொன்னால் என் மனைவி, "எந்த டின்ல?" என்று கேட்பாள். எல்லோரும் சிரிப்போம். கோமதியும் சிரிப்பாள், சிரித்துவிட்டு எழுந்து உள்ளே போவாள்.

அந்த வெள்ளிக்கிழமை, தாமுவே பேட்டையில் இருந்த எங்கள் வீட்டில் தட்டும் பழமுமாகக் காத்திருந்தோம். வெயில் சாய்ந்தபின் நடராஜன் மட்டும் வந்தான். உட்காரவில்லை.

"நாளைக்குக் கப்பல், மாமா. ஊருக்கு அனுப்புறாங்க."

"அப்பாவுக்கு என்மேல கோவம் ஆறவே ஆறாதா தம்பி?"

"உங்க மேல மட்டும் இல்ல மாமா. எங்க டின்ல உங்காளுக்கு ஒத்தச் சீட்டு விழுந்துச்சே, அது நான் போட்டது. நீங்க எங்கப்பாவுக்குப் போடுவீங்க, ரெண்டும் சரியாப் போயிடும்னு நெனச்சேன்."