மூன்றில் ஒரு பங்கை அடிக்கச் சொன்ன புத்தகம்

அன்பும் மரியாதையும் குறையாத மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் இந்த முறை தன் சொந்தக் கையாலேயே எழுதுவது. நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை. காரணம் நீங்கள். தயவுசெய்து கோபப்படாதீர்கள். கோபம் முழுவதையும் நானே வைத்திருக்கிறேன்.

எழுபத்தொரு வயதில் எழுத்துக் கற்று, கடைப் பலகை, மருந்துச் சீட்டு, சோப்பு உறை என்று அகப்பட்டதையெல்லாம் படித்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஒரு கதை எழுதிப் பார்க்கலாமா என்று போனில் வாய்தவறிச் சொன்னேன். நூலகத்தில் வேலை பார்க்கிறவராயிற்றே நீங்கள், 'புதிதாகக் கதை எழுதுகிறவர்களுக்கு' என்று மூன்று புத்தகம் அனுப்பிவிட்டீர்கள். நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். இன்ஜினியர் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார், நான் வரிசை மாறாமல் செய்வேன். நாலாவதை முடிக்காமல் ஐந்தாவதைத் தொட்டால் விரல் போய்விடும். அதே பயபக்தியோடுதான் உங்கள் புத்தகங்களையும் திறந்தேன்.

முதல் புத்தகம், பத்து நிமிடம் பேனாவை எடுக்காமல் எழுதிக்கொண்டே போ, பக்கம் நிறைந்ததும் அடுத்த பாடத்துக்கு வா என்கிறது. பேனாவை எடுக்காமல் புள்ளி எப்படி வைப்பதாம்? பத்து நிமிடத்தில் நாலு சொல் வந்தது, நாலும் கைகோத்துக்கொண்டு நின்றன. பக்கம் நிறைய மூன்று நாள் ஆயிற்று. இரண்டாம் புத்தகம் இன்னும் மோசம். எழுதியதில் மூன்றில் ஒரு பங்கை இரக்கமில்லாமல் அடிக்க வேண்டுமாம். என்னிடம் இருந்ததே பதினெட்டு சொல். அதில் 'கிழக்கு' என்ற ஒன்றுக்கு மட்டும் இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்திருக்கிறேன். அதை அடிப்பேனா? தேவையில்லாத சொல் எல்லாம் வேகமாக எழுதுகிறவர்களிடம் இருக்கும். என்னிடம் இருப்பது பெற்ற பிள்ளைகள். ஒன்றைக்கூட அடிக்கவில்லை.

குடும்பத்தைக் கெடுத்தது மூன்றாவது. நன்றாகத் தெரிந்த ஒருவரின் குறைகளை ஒளிக்காமல் எழுது என்கிறது, எழுபத்திரண்டாம் பக்கத்தில். எனக்கு நன்றாகத் தெரிந்தவர் உங்கள் அத்தைதானே? உட்கார்ந்தேன். எனக்கு இன்னும் மனதுக்குள் எழுத வராது, வாய்விட்டுச் சொன்னால்தான் கை நகரும். அடுப்படியில் இருந்தவள் காதில் 'என்' விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து 'மனைவி' விழுந்தது. கரண்டியோடு சிரித்தபடி வந்து கதவோரம் நின்றாள். 'தூங்கும்போது' வரை அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. 'பழைய லிஃப்ட் மோட்டார்' வந்ததும் கொஞ்சம் இறங்கியது. 'மாதிரி' எழுதியபோதாவது நான் தலையைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. வரிசைப்படி 'குறட்டை விடுகிறாள்' என்று முடித்துவிட்டேன்.

"எழுத்து தெரியாத வரைக்கும் நல்ல மனுஷனா இருந்தீங்க"ன்னு சொல்லிட்டுப் போனவதான் மாப்பிள்ளை, இந்தக் கடிதம் ஆரம்பிக்கும்போது அஞ்சு நாள் ஆச்சு, இப்ப எட்டு நாள், ஒரு வார்த்தை கிடையாது. சாப்பாடு வருது, சத்தம் வரல. தண்ணி எங்கன்னு கேட்டா குழாயைப் பார்க்குறா. நேத்து பெட்டியில துணி அடுக்கிட்டா. ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வராளாம், திரும்பி வர்றது பத்தி பேச்சே இல்லையாம். அதையும் என்கிட்ட சொல்லல, என் எதிர்ல நின்னு போன்ல மககிட்ட சொன்னா. நடுவழியில நின்ன லிஃப்ட்லேர்ந்து எத்தனை பேரை வெளிய இழுத்திருக்கேன், இப்ப நான் மாட்டிக்கிட்டேன், இழுக்க ஆளில்ல. அவளுக்குப் படிச்சுக் காட்டத்தானே கதை எழுத உட்கார்ந்தேன்! அவ போயிட்டா நான் யாருக்குப் படிக்கிறது, சுவத்துக்கா?

ஆகவே, ஞாயிறன்று அவள் வந்து இறங்கியதும், குற்றம் மாமாவுடையது அல்ல, எழுபத்திரண்டாம் பக்கத்துடையது என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்று புத்தகங்களையும் அவள் பெட்டியிலேயே வைத்து அனுப்புகிறேன். நீங்கள்தான் தூக்க வேண்டியிருக்கும். கனம் தெரியட்டும்.

உங்கள் வீட்டில் விளக்கும் பேச்சும் என்றும் அணையாதிருக்க வாழ்த்தும்,
மாமனார்.

பின்குறிப்பு: மூன்று நாளும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கோபத்தின் வேகத்தில்தான் இதை எழுதினேன். கதவைச் சாத்தினேனே தவிர வாயைச் சாத்தவில்லை. இப்போது கதவு திறந்தது. "நல்ல மனுஷன்னு நான் சொல்லல. ஓரளவு நல்ல மனுஷன்னுதான் சொன்னேன். எழுதுறதை ஒழுங்கா எழுதுங்க" என்றாள் உங்கள் அத்தை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "முதல்லேர்ந்து படிங்க" என்றாள். கிழக்கு வந்த இடத்தில் சிரித்தாள்.

ஞாயிறன்று அங்கே யாரும் வரப்போவதில்லை. புத்தகங்களும் வரப்போவதில்லை. எழுபத்திரண்டாம் பக்கத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். என் குறைகளைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள், நான் எழுதிக்கொள்ள வேண்டுமாம். பெரிய நோட்டாக இரண்டு அனுப்புங்கள்.

மோட்டார் வரியை மட்டும் கதை நோட்டிலிருந்து அடிக்கச் சொன்னாள். கடிதத்திலிருந்துமா என்று கேட்டேன். "மாப்பிள்ளைதானே, இருக்கட்டும்" என்றாள். நோட்டில் மொத்தம் இருபத்தேழு சொல், அந்த வரி ஒன்பது. இரண்டாம் புத்தகக்காரர் சொன்ன பங்கு சரியாக இருக்கிறது. இரக்கத்தோடுதான் அடித்தேன்.